ஒன்றரை அடிச் சுவர்

அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. தோளில் கருவிப் பை, வண்டியின் பின்னால் பாதி தீர்ந்த ஒரு கேபிள் பெட்டி. அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு கடையில் வேலை முடிந்து மிஞ்சிய கேபிளை அக்காவுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவள் நொண்டினாள். வலது பாதத்தில் பெரிய கட்டு.

“வாடா வா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? உங்க மாமா விரிச்ச வலையில நான் விழுந்து பத்து நாளாச்சு.”

வலை என்று அவள் சொன்னது பொய்யில்லை. ஹாலில் மேசைக்கு அடியிலிருந்து சமையலறை வாசல்வரை தரை முழுக்க வயர். கறுப்பு, நீலம், மஞ்சள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாத சாம்பல் நிறம். நடுவில் மூடி கழற்றிய இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஆறு ஹார்ட் டிஸ்க், கண் சிமிட்டிக்கொண்டு ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். அத்தனைக்கும் சேர்த்து மாமா வைத்திருந்த பெயர் ‘சர்வர்’. வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்த அக்கா அதில்தான் கால் தடுக்கி விழுந்திருந்தாள்.

மாமா கல்யாண வீடியோக்காரர். இருபது வருடமாக எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அந்த டிஸ்க்குகளில் இருந்தன. யார் எப்போது வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்.

“மாப்ள, நான் எடுத்த கல்யாணத்துல பாதி கோர்ட்டுக்குப் போயிடுச்சு. ஃபைல் மட்டும் அலுங்காம இருக்கு” என்று சிரிப்பார்.

இப்போது வேலை குறைந்துவிட்டது. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இருந்தும் மனிதர் நாள் முழுவதும் மேசைமேல் இருந்த மூன்றாவது கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஊரார் சிரிப்பதையும் சாப்பிடுவதையும் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். அதனால் அந்த வீட்டில் பிள்ளைக்குக் கிடைக்கிற திட்டெல்லாம் எனக்குக் கிடைக்கும்.

“இந்த வயரெல்லாத்தையும் பைசா செலவில்லாம ஒழுங்கு பண்ணணும்டா. இந்த மாசம் கைல ஒண்ணும் இல்ல” என்றாள்.

அது எனக்குப் பிடித்த வேலை. கடையில் விற்கிற ரேக் வேண்டாம். பழைய இரும்புச் செருப்பு ஸ்டாண்டைக் கழுவினால் கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் அடுக்க அளவெடுத்த மாதிரி இருக்கும். காற்றும் நன்றாகப் போகும். வயர்களைக் கட்டுவதற்கு அக்காவின் தையல் மேசையில் வெட்டுத் துணி ஒரு மூட்டை இருந்தது. எந்த வயர் எதற்கு என்று எழுத பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுச் சீட்டாக நறுக்கினேன். “நல்லவேளை, அதுக்காவது ஆச்சு” என்றாள் அக்கா.

ஹாலுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சிறிய அறை ஒன்று சும்மா கிடந்தது. சர்வரை அங்கே வைத்துவிட்டால் ஹாலில் சத்தமும் இல்லை, சிக்கலும் இல்லை. ஒரே ஒரு கேபிள் மட்டும் சுவரைத் தாண்டினால் போதும். வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாது. கதவைச் சுற்றிக் கொண்டுபோனால் முப்பது அடி.

அப்போதுதான் அந்தக் குழாயைப் பார்த்தேன்.

மேசைக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், சுண்ணாம்புக்கு அடியில் வட்டமாக ஒரு இரும்பு விளிம்பு. கட்டை விரல் நுழைகிற அகலம். பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே உயரத்தில் இன்னொரு வாய். எந்தக் காலத்திலோ மின்சார வயருக்காகப் பதித்திருப்பார்கள் என்று நினைத்தேன். இடையில் இருப்பது ஒன்றரை அடிச் சுவர். லாட்டரி அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டு வாயிலும் துணி அடைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு துண்டு சட்டைத் துணி வந்தது. அதற்குப் பின்னால் குளியல் துண்டின் கிழிசல். அதற்கும் பின்னால் மக்கிப்போன ஏதோ ஒரு கோடு போட்ட துணி. ஒருவர் அடைத்தது இல்லை, ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் அடைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அதைப் பற்றி நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

கடைசித் துணி வந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. அழுகல் வாடை இல்லை, எலி வாடையும் இல்லை. தூங்கி எழுந்தவன் பல் விளக்காமல் முகத்துக்கு நேரே பேசினால் அடிக்குமே, அந்த வாடை.

டார்ச் அடித்தேன். மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே வளைவு இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவன் கேபிளைத் தள்ளுவான், அந்தப் பக்கம் ஒருவன் வாங்கி இழுப்பான். மறுமுனையில் நல்ல கை அமைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. “மாமா, அந்த ரூமுக்குப் போய் வாங்குங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, மேசைக்கு அடியில் படுத்து, கேபிள் நுனியைக் குழாய்க்குள் செலுத்தினேன்.

ஒரு முழம் போனது. நின்றது. பிறகு மறுபக்கத்தில் யாரோ பிடித்தார்கள்.

“ஆச்சா மாமா? இழுங்க.”

கேபிள் இரண்டு முறை லேசாகச் சுண்டியது. இழு என்றால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சுண்டிக் காட்டுவார்கள். மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. கேபிள் சீராகப் போயிற்று. கைமாற்றிக் கைமாற்றி, அவசரமில்லாமல், முறுக்கு விழாமல். பத்து வருடம் தொழில் செய்தவன் இழுப்பது போல. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“ரெண்டு சுத்து கூடுதலாவே இழுங்க மாமா, பின்னாடி உதவும். போதும், போதும்.”

நின்றது. ஒரே ஒரு சுண்டல். சரி என்று அர்த்தம்.

எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். குழாய் வாயிலிருந்து ஒரு சாண் கேபிள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அறையில் யாரும் இல்லை.

“மாமா?”

தெருக் கதவு திறந்தது. மாமா உள்ளே வந்தார். கையில் ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்.

“கடையில ஒரே கூட்டம் மாப்ள. இது ஒண்ணுதான் இருந்துச்சு, பரவால்லியா?”

“நீங்க… எப்பப் போனீங்க?”

“நீ துணியக் குத்திக்கிட்டு இருந்தப்பவே போனேனே. ஏன்?”

அக்கா கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட்டேன். “நொண்டிக் கால வச்சுக்கிட்டு நான் எங்கடா அங்க போய் உக்காந்து இழுக்கப் போறேன்?” என்றாள்.

நாங்கள் பயன்படுத்துகிற கேபிளில் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும். தொடங்கும்போது நுனியில் 187 இருந்தது. இப்போது பெட்டி வாயில் 160. இருபத்தேழு மீட்டர் பெட்டியை விட்டுப் போயிருக்கிறது.

நடுவில் இருப்பது ஒன்றரை அடிச் சுவர்.

ஹால் பக்கமிருந்து திரும்ப இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பழைய சுவர், உள்ளே பொந்து இருக்கும், அதில் போய்ச் சுருண்டுகொண்டிருக்கும். மலிவுக் கேபிள், எண்ணைத் தப்பாக அச்சடித்திருப்பான். இரண்டு சுண்டல்? கேபிளே ஸ்பிரிங் மாதிரி துள்ளியிருக்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். பட்டப்பகல், ஹாலில் வெயில், அக்கா வீட்டுச் சமையல் மணம். அந்த நேரத்தில் யாருக்குத்தான் வேறு எண்ணம் வரும்?

இரண்டு பக்கமும் பிளக் அடித்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாகப் பச்சை காட்டின. பின்னறைக் குழாய்க்குள் விரலை விட்டு இன்னும் இரண்டு மூன்று மீட்டர் மெதுவாக வெளியே எடுக்க முடிந்தது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சுற்று உபரி விட்டு, பூப்போட்ட துணியால் கட்டித் தொங்கவிட்டேன். மாலைக்குள் வீடு வீடாயிற்று. அக்கா நொண்டி நொண்டி ஹாலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தாள்.

“கல்யாணமாகி இவ்வளவு வருஷத்துல இன்னைக்குத்தான் இந்தத் தரையோட நிறம் தெரியுது” என்றாள்.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

“டேய், நீ கட்டின வயரெல்லாம் இறுகுதுடா.”

“இறுகுதுன்னா?”

“வந்து பாரு.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். ஹாலில் நான் விட்டிருந்த இரண்டு சுற்றும் இல்லை. கேபிள் கம்ப்யூட்டரிலிருந்து குழாய்க்கு நேர்கோடாக, தம்புராத் தந்தி போல விறைத்து நின்றது. பூப்போட்ட துணி கிழிந்து தரையில் கிடந்தது. பின்னறையில் செருப்பு ஸ்டாண்டு அரை அடி நகர்ந்து சுவரை ஒட்டி நின்றது. தரையில் நான்கு கால்களும் கீறிய தடம். இரண்டு கம்ப்யூட்டர், ஆறு டிஸ்க். நான் ஒருவனாகத் தூக்க முடியாத கனம்.

மாமா அந்த அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை.

“மாப்ள, இங்க வா. இதப் புடி.”

கேபிளை என் விரல்களுக்குள் வைத்து ஒரு தரம் சுண்டினார். காத்திருந்தோம்.

சுவருக்குள்ளிருந்து ஒரு சுண்டல் திரும்பி வந்தது.

கையை உதறிக்கொண்டேன். மாமா சிரித்தார்.

“பயப்படாத. ரெண்டு தட்டினா ரெண்டு தட்டும். மூணு தட்டினா மட்டும் பதில் வராது, யோசிக்கும். தொழில் தெரிஞ்ச கை மாப்ள. இழுக்கறப்ப ஒரு அவசரம் இருக்கா பாரு. அந்தப் பக்கம் ஒரு ஆளு வேலை பாத்துக்கிட்டு நிக்குது. இந்தப் பக்கம் புடிச்சுக் குடுக்க ஆள் இல்ல. எத்தனை நாளா நிக்குதோ.”

வாசலில் நின்ற அக்கா கிசுகிசுத்தாள். “காலைல காப்பி குடிச்சதும் உள்ள போனா, நான் கத்தினாத்தான் வெளிய வர்றாரு. வேலையும் இல்ல, பேச்சும் இல்ல. இதப் புடுங்கிப் போடுடா. உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்.”

கட்டரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கேபிளை வெட்டினேன்.

வெட்டிய நுனி ஒரு கணம் அந்தரத்தில் அப்படியே நின்றது.

பிறகு உள்ளே போயிற்று. இரும்பில் உரசிக்கொண்டு, சர்ரென்று, ஒரே இழுப்பில்.

பின்னறைக்கு ஓடி அந்தப் பக்கத்தையும் வெட்டினேன். அதுவும் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் சுவருக்குள் உரசல் கேட்டது. தூரத்தில், இன்னும் தூரத்தில், அதற்கும் அப்பால். ஒன்றரை அடிச் சுவருக்குள் அவ்வளவு தூரம் எப்படிப் போகும்?

தெருமுனைக் கடையில் ஒரு பை சிமென்ட் வாங்கி வந்து இரண்டு வாயையும் பூசினேன். புதுக் கேபிளைக் கதவைச் சுற்றிக் கொண்டுபோய் ஆணிக் கிளிப் அடித்துக் கொடுத்தேன். ஆரம்பத்திலேயே இப்படிச் செய்திருக்கலாம். மாமா ஈரச் சிமென்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் ஏறிப் போனவரைப் பார்ப்பது மாதிரி.

“கோவமா மாமா?”

“உன்மேல எனக்கென்ன கோவம்? பாவம், அதுக்கு ஒண்ணும் சொல்லாம மூடிட்டோமேன்னு இருக்கு.”

அடுத்த ஒரு வாரம் தினமும் போன் செய்தேன். நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்றாள் அக்கா. எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

“வாடா… உங்க மாமா வாயத் தொறந்து பேச மாட்டேங்குறாரு.”

“என்னாச்சு? டாக்டர்கிட்ட…”

“பேச மாட்டேங்குறாரு. வாய மூடவும் மாட்டேங்குறாரு. நீ வா.”

நான் போனபோது தெருக் கதவு திறந்தே கிடந்தது.

வீடு சுத்தமாக இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஹாலில் ஒரு வயர்கூட இல்லை. நான் கிளிப் அடித்த இடத்தில் ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. டி.வி.க்குப் பின்னால் ஒன்றுமில்லை. மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளே இருந்த வயரையும் மாமா உருவியிருந்தார். கொல்லையில் துணி உலர்த்துகிற கயிறு இல்லை. அக்காவின் தையல் மேசையில் அளவெடுக்கும் டேப் இல்லை. நூல்கண்டுகளின் வெறும் அட்டைக் குழல்கள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. சிவப்பு நூல் இல்லை, பச்சை இல்லை, கறுப்பு இல்லை.

“நான் ஆஸ்பத்திரிக்குக் கால் கட்டு மாத்தப் போயிருந்தேன்டா. ரெண்டு மணி நேரம். வந்து பாத்தா ஸ்க்ரூ டிரைவரால சிமென்ட்ட ஒடச்சு, வீட்டுல இருந்த எல்லாத்தையும் ஒண்ணொண்ணா உள்ள குடுத்திருக்காரு. எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு.”

பின்னறை இருட்டாக இருந்தது. பல்புக்குப் போகிற வயரும் போயிருந்தது. டார்ச்சைப் போட்டேன்.

மாமா சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்த முதுகு, தொடைமேல் இரண்டு கை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

குழாய்க்கும் அவருக்கும் நடுவில் ஏதோ மினுங்கியது.

நூல்.

அக்கா ஜாக்கெட் தைக்கிற சாதாரண வெள்ளை நூல். குழாய் வாயிலிருந்து நேராக வந்து அவர் உதடுகளுக்கு நடுவே உள்ளே போயிருந்தது. தொய்வே இல்லை.

“மாமா.”

கண்ணை மட்டும் திருப்பினார். போனில் பேசிக்கொண்டிருப்பவர் வந்தவரிடம் காட்டுவாரே, ‘ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்’ என்று, அப்படி ஒரு விரலை உயர்த்தினார்.

நூல் இரண்டு முறை சுண்டியது.

அவருடைய தொண்டை இரண்டு முறை துடித்தது.

“தொடாதடா” என்றாள் அக்கா. “நான் தொட்டுப் பாத்தேன். நூலத் தொட்டதும் அவரு கண்ணுல தண்ணி வந்துச்சு.”

“மாமா, இத எங்க கட்டியிருக்கீங்க? உள்ள எதுல கட்டியிருக்கு?”

அவர் யோசித்தார். பிறகு உயர்த்திய கையை மெல்ல இறக்கி நெஞ்சின்மேல் வைத்தார்.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். என் கையில் கட்டர் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. எந்த லைனையும் அதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் வெட்டக்கூடாது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட பாடம். வெட்டினால் எது நிற்கும்? வெட்டாவிட்டால் எது நிற்கும்? மாமாவின் கண்ணைப் பார்த்தேன். அங்கே பயம் இல்லை. பயம் இருந்திருந்தால் எனக்கு ஒரு வழி தெரிந்திருக்கும்.

அப்போது இழுப்பு தொடங்கியது.

கைமாற்றிக் கைமாற்றி. அவசரமில்லாமல்.

மாமாவின் வாயிலிருந்து நூல் வெளியே வந்து குழாய்க்குள் போயிற்று. ஒரு முழம், இரண்டு முழம். அதில் ஈரம்கூட இல்லை. இவ்வளவு நூலை அவர் எப்போது விழுங்கினார் என்று நினைத்தேன். அது நூல்கண்டில் இருந்த நூல்தானா என்றும் நினைத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. முதலில் கன்னத்தின் நிறம் போயிற்று. பிறகு நெற்றியிலிருந்த சுருக்கங்கள் போயின. பிறகு என்னைத் தெரிந்துகொண்டிருந்த அந்தப் பார்வை. விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி.

அக்கா அவரை முதுகுப் பக்கமிருந்து கட்டிக்கொண்டாள்.

“அறுடா!”

“அக்கா, அறுத்தா என்ன ஆகும்னு…”

“அறுடா, பாவி! மொத்தமாப் போயிடுவாருடா!”

அறுத்தேன்.

சுவர்ப் பக்கத்து நூல் கண் இமைப்பதற்குள் உள்ளே போயிற்று. இந்தப் பக்கத்து நூல், ஒரு விரல் நீளம், அவர் உதட்டில் தொங்கியது. மாமா மூச்சை உள்ளே இழுத்தார். நீளமாக, தண்ணீருக்கு மேலே வந்தவன் இழுப்பது போல. அந்த விரல் நீளமும் அந்த மூச்சோடு உள்ளே போயிற்று.

இழுத்த மூச்சை அவர் வெளியே விடவில்லை.

அக்கா அவரைப் பிடித்தபடியே வெகுநேரம் காத்திருந்தாள். “விடுங்க. மூச்ச விடுங்க” என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தொண்டையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். நூல் என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “நீங்க கொஞ்சம் தூங்குங்க” என்றார்.

வீட்டைக் காலி செய்த அன்று வீட்டுக்காரர் வந்தார். வயதான மனிதர். துக்கம் விசாரித்தார். வாடகை முன்பணத்தை ஒரு ரூபாய் பிடிக்காமல் கொடுத்தார். பிறகு நாங்கள் ஒன்றும் சொல்லாமலே பின்னறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். கைப்பையிலிருந்து ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். அதைக் கிழித்து, குழாய் வாயில் வைத்து, ஒரு குச்சியால் இடித்து இடித்து அடைத்தார்.

“தெரிஞ்சும் ஏங்க வாடகைக்கு விட்டீங்க?” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “வீட்டப் பூட்டி வச்சிருந்தா அது தேடுது தம்பி. ஆள் பொழங்கிக்கிட்டு இருந்தா சும்மா இருக்குது” என்றார்.

அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க நினைத்தேன். ஆனால் துணியைப் பிடுங்கியவன் நான். இழுங்க என்று குரல் கொடுத்தவன் நான். கடைசியில் அறுத்தவனும் நானே. அக்கா தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். அறுக்கச் சொன்னது அவள்தானாம். இருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் ஒருவரை ஒருவர் தேற்ற வேண்டியிருக்கும்.

இப்போது அக்கா என்னோடு இருக்கிறாள். மூன்றாம் மாடியில் புதுக் கட்டடம். நான் கேபிள் வேலையை விட்டுவிட்டேன். ஒரு கடையில் போன் கவரும் சார்ஜரும் விற்கிறேன். அக்கா தைப்பதில்லை. நூலைத் தொடுவதில்லை. நான் வேலைக்குப் போகும்போது சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள், திரும்பி வந்தால் கதவைத் திறக்கிறாள். “வாடா” என்பதற்குமேல் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. அவளைச் சிரிக்க வைக்க நான் சொல்கிற எதுவும் அவளிடம் போய்ச் சேருவதில்லை.

ஒரு மாதமாக அவளுக்கு விக்கல்.

தினமும் காலை பதினொரு மணி வாக்கில் வரும். தண்ணீர் குடித்தாலும் நிற்பதில்லை, மூச்சடக்கினாலும் நிற்பதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாற்றிக் கொடுத்தார், பிறகு மனக்கவலை என்று சொல்லிவிட்டார். நான் அதை உட்கார்ந்து கவனித்தது நேற்றுத்தான். விடுமுறை நாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

விக்கல் வந்தது. இரண்டு. நிறுத்தம். மறுபடி இரண்டு.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எண்ணுவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அன்னைக்கு அவரப் பின்னாடி இருந்து கட்டிப் புடிச்சிருந்தேன்ல” என்றாள் மெதுவாக. “அவரு அந்தக் கடைசி மூச்ச இழுத்தப்போ, என் நெஞ்சுக்குள்ளயும் ஏதோ போன மாதிரி இருந்துச்சுடா. சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல.”

“அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா.”

“டார்ச் எடுத்துட்டு வந்து ஒரு தடவ பாத்துடேன்.”

கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நாக்கு. உள்நாக்கு. சிவந்த தொண்டை. அதற்கப்பால் வெளிச்சம் போகிறவரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிச்சயமாக ஒன்றும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இருக்கு.”

“நெசமாவா?”

“உன்மேல சத்தியமா.”

மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. தலையணையைச் சரி செய்துகொண்டு சுவருக்கு முதுகு காட்டிப் படுத்தாள். கண்ணை மூடினாள். நான் டார்ச்சை மேசைமேல் வைத்தேன்.

இரண்டு விக்கல்.

பிறகு, கண் திறக்காமல், கை ஊன்றாமல், அவள் உடம்பு கட்டிலில் சுவர்ப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது.